பெட்டி நின்ற இடம்

நான் தூத்துக்குடிக்காரன். எங்கள் ஊரில் உப்பளம், கடற்கரை, கடைத்தெரு எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டம். எங்கே போய் நின்றாலும் அதே வெயில். உயரம் கூடினால் வெப்பம் குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி. உடம்பு அதை அறிந்தது ஏற்காடு மலைப்பாதையில்தான்.

ஏப்ரல் மாதக் காலை. சேலத்தில் பஸ் ஏறும்போது கையில் ஒரு சின்ன வெப்பமானி வைத்திருந்தேன். ஓடும் பஸ்ஸின் ஜன்னலோரம் எடுக்கும் அளவு எந்தப் பதிவேட்டிலும் ஏறத் தகுதியில்லாதது, தெரியும். ஆனாலும் ஆசை விடவில்லை. அடிவாரத்தில் 33 டிகிரி காட்டியது. அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பஸ் மூச்சு வாங்கித் திரும்பும்போது ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன். மூங்கில் போய் சில்வர் ஓக் வந்தது. சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி வந்தது, அதன் நிழலில் காப்பிச் செடி வந்தது. பாதரசம் இறங்கிக்கொண்டே இருந்தது. ஏரிக்கரை தாண்டி ஒண்டிக்கடை ரவுண்டானாவில் இறங்கியபோது 25. சேலம் கடல்மட்டத்திலிருந்து 278 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அந்தக் கணக்குப்படி எட்டு டிகிரி குறைய வேண்டும், எட்டுதான் குறைந்திருந்தது. ரவுண்டானா ஓரத்தில் கொய்யாவும் பலாவும் விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் நின்று, அந்தக் கண்ணாடிக் குழாயை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏற்காட்டுக்குப் பலரும் குளிர்ச்சிக்காகப் போவார்கள். நான் போனது, குளிர்ச்சியை மாதாமாதம் எண்ணாக எழுதிவைக்கும் ஒருவரைப் பார்க்க. ஒண்டிக்கடையிலிருந்து சேர்வராயன் கோயில் பக்கம் போகும் சாலையில், உள்ளே தள்ளி, ஒரு காப்பித் தோட்டம். அங்கே ரைட்டராக, அதாவது கணக்கெழுதுபவராக, இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் இன்னமும் தினம் வந்து வெப்பமானி பார்க்கிறார் என்று நண்பர் சொல்லியிருந்தார்.

இந்த மலையில் காப்பியும் எண்களும் சேர்ந்தே வளர்ந்தவை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்து நட்டார். அராபிகா காப்பி நுணுக்கமான பயிர். 15 முதல் 25 டிகிரி வரையிலான சூழல்தான் அதற்கு இதம். மார்ச், ஏப்ரலில் மொட்டை மலரவைக்கும் பூ மழை சரியாக விழ வேண்டும், விழுந்த பின் காய் பிடிக்க இன்னொரு மழை வேண்டும். வெயில் ஏறி நிழல் குறைந்தால் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற பூச்சி செடிக்குள் புகுந்துவிடும். அதனால் மழைமானியும் வெப்பமானியும் காப்பிக்காரர்களுக்கு மண்வெட்டிபோல அன்றாடக் கருவிகள். பல தோட்டங்களில் முதலாளி மாறினாலும் மழைப் பதிவேடு மாறாமல் தொடரும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முன்பே போய்விட்டேன். பெரியவர் வெப்பமானிப் பெட்டியருகில் நின்றிருந்தார்.

"வாங்க தம்பி. ஏழு பதினேழுக்குத்தான் பார்க்கணும். உட்காருங்க."

"அது என்னங்க ஐயா ஏழு பதினேழு?"

"நம்ம கடிகாரம் அலகாபாத் பக்கத்துச் சூரியனுக்கு ஓடுது. செடி இந்தச் சூரியனுக்கு வளருது. பதினேழு நிமிசம் வித்தியாசம்."

வியந்துபோனேன். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டியது, ஏற்காடு இருப்பது 78.2 பாகையில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். பெருக்கினால் பதினேழு நிமிடம் சொச்சம். இந்தியாவின் வேளாண் வானிலை நிலையங்கள் காலை ஏழுக்கும் பகல் இரண்டுக்கும் உள்ளூர்ச் சூரிய நேரப்படி அளவெடுப்பவை. நகரத்து வானிலை நிலையங்களோ காலை எட்டரையையும் மாலை ஐந்தரையையும் இந்திய நேரப்படி வைத்திருக்கின்றன. பெரியவர் இளமையில் ஒரு பண்ணையில் வேளாண் முறையைக் கற்றவர். கற்றதைக் கைவிடவில்லை.

பெட்டி வெள்ளைப் பெயின்ட் அடித்த மரப்பெட்டி. நான்கு கால்கள், நான்கு பக்கமும் சாய்வுப் பலகைகள், அதுவும் இரட்டை அடுக்கு. காற்று நுழையும், வெயில் நுழையாது. கதவு வடக்குப் பார்த்தது. திறக்கும் நேரத்தில்கூட நேர் வெயில் உள்ளே படக் கூடாது என்பதற்காக. வெப்பமானிகள் தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில். இதை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன், ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர், 'புதையல் தீவு' எழுதிய ஆர்.எல். ஸ்டீவன்சனின் தந்தை. 1860களில் உருவான பெட்டி இன்றும் உலகமெங்கும் ஏறக்குறைய அதே வடிவில் நிற்கிறது.

உள்ளே நான்கு வெப்பமானிகள். ஒன்று உலர்ந்தது, ஒன்று மஸ்லின் துணி சுற்றித் திரிவழியே நீர் உறிஞ்சுவது. இந்த இரண்டின் வித்தியாசம் காற்றின் ஈரத்தைச் சொல்லும். மற்ற இரண்டும் கிடைமட்டமாக. பாதரசம் கொண்டது அன்றைய உச்சத்தில் போய் நின்றுவிடும். குழாயின் கழுத்து ஒடுங்கியிருப்பதால் தானாக இறங்காது. மற்றதில் ஆல்கஹால், அதனுள் ஒரு நுண்ணிய கண்ணாடிக் கம்பி. இரவு குளிரக் குளிர ஆல்கஹாலின் மேல்விளிம்பு அந்தக் கம்பியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போய், மிகக் குறைந்த இடத்தில் விட்டுவிட்டு விடியலில் தான் மட்டும் ஏறிவரும். யாரும் விழித்திராத நேரத்தின் குளிரை ஒரு கம்பி காட்டி நிற்கிறது. பெரியவர் குனிந்து, கண்ணைக் கம்பியின் மட்டத்துக்கு நேராக வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தார். மூச்சுச் சூடு பட்டாலே அளவு மாறுமாம். எழுதிய பின் ஒன்றை உதறி, மற்றதைச் சாய்த்து மீட்டு வைத்தார். மீட்டபின் இரண்டும் உலர்ந்த வெப்பமானியோடு ஒத்துப்போகின்றனவா என்று ஒருமுறை பார்த்தார்.

பெட்டிக் கதவின் உட்புறம் ஒரு மஞ்சளடைந்த அட்டை தொங்கியது. ஒவ்வொரு வெப்பமானிக்குமான திருத்த அட்டை. இந்த அளவில் இவ்வளவு கூட்டு, அந்த அளவில் இவ்வளவு கழி. கண்ணாடியும் வயதாகும் பொருள்தான். ஆண்டுகள் போகப் போகக் குமிழ் மிக நுண்ணியதாகச் சுருங்கும், பாதரசம் உண்மையைவிடச் சற்று மேலே நிற்கும். ஆகவே தரமான கருவியோடு ஒப்பிட்டு அவ்வப்போது திருத்தம் கண்டாக வேண்டும். இந்தியாவில் அந்த ஒழுங்கை நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர் அன்னா மணி. பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, 1948இல் புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தவர். வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த கருவிகளை நாமே செய்யவும், செய்ததைத் துல்லியமாகச் சரிபார்க்கவும் வழிகண்டவர். மலையூரில் பிறந்த பெண் நாட்டின் வெப்பமானிகளுக்கெல்லாம் பொறுப்பேற்றது என்னை எப்போதும் நெகிழ வைக்கும் செய்தி.

பிறகு பெரியவர் அலுவலக அலமாரியைத் திறந்தார். நான் வந்தது இதற்காகத்தான். தோல் அட்டை போட்ட நீளப் பதிவேடுகள். சில பக்கங்களில் பூச்சி ஓட்டை, சிலவற்றில் காப்பிக் கறை. பழையவற்றில் ஃபாரன்ஹீட், பிறகு செல்சியஸ். மாதக் கடைசியில் உச்சத்தின் சராசரி, தாழ்வின் சராசரி, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்த மாதச் சராசரி. கறுப்பு மையில் எண்கள். ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்புகள்.

எனக்கு எண்களைவிட அந்த ஓரங்கள்தான் பிடித்தன. 'தெற்கே நின்ற சில்வர் ஓக் வெட்டினது.' 'தாழ்வு வெப்பமானியில் திரவம் துண்டுபட்டது, சரிசெய்தது.' 'ரைட்டர் காய்ச்சல், மூணு நாள் பார்க்கலை.' ஓரிடத்தில், இரண்டு கோடு அடித்து: 'பெட்டியைப் பங்களாவிலிருந்து மேல் காட்டுக்கு மாத்தினது.'

"பங்களாவைவிட மேல் காடு எவ்வளவு உயரம் ஐயா?"

"நூறு மீட்டர் இருக்கும் தம்பி. இப்ப நாம நிக்கிறது மேல் காடுதான்."

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நூறு மீட்டர் ஏறினால் கணக்குப்படி 0.65 டிகிரி குறையும். 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் எவ்வளவு ஏறியது என்று மத்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது: சுமார் 0.7 டிகிரி. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு நாடே சூடேறிய அளவும், இந்தப் பெட்டியை நான்கு பேர் ஒரு காலைப்பொழுதில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு நடந்த அளவும் ஏறக்குறைய ஒன்று. அந்தச் சிவப்புக் குறிப்பு இல்லையென்றால், எண்களை மட்டும் கோத்துப் பார்ப்பவர் இந்தச் சேர்வராயன் மலை குளிர்ந்துவிட்டது என்றே முடிவு கட்டுவார். எந்த எண்ணும் பொய்யில்லை. முப்பது நாளும் ஒழுங்காகப் பார்த்து எழுதியவைதான். ஆனாலும் எண்களின் கோவை பொய் சொல்லும்.

திருத்தம் வேண்டியிருப்பது இதனால்தான். இடம் மட்டும் காரணமில்லை, நேரமும் காரணம். உச்ச வெப்பமானியை மாலை ஐந்தரைக்குப் பார்த்து மீட்டு வைப்பதாகக் கொள்வோம். இன்று கடும் வெயில், 29 டிகிரி. மாலை மீட்கும்போதும் காற்று 26இல் நிற்கிறது. மறுநாள் மூடுபனி இறங்கி, மழை பெய்து, பகல் முழுக்க 21ஐத் தாண்டவில்லை. ஆனால் மறுநாள் மாலை வெப்பமானி காட்டப்போவது 26. நேற்று மாலை மீட்ட கணத்தில் இருந்த சூடு அது. ஒரு வெயில்நாள் இரண்டு நாளாகப் பதிவாகிவிட்டது. காலையில் பார்த்தால் இதே சிக்கல் தாழ்வெப்பத்தில் வரும், ஒரு குளிர் விடியல் இரண்டு நாளுக்குக் கணக்காகும். ஆக, மாலையில் பார்த்துவந்த ஒரு நிலையம் காலைக்கு மாறினால் மாதச் சராசரி தானாகவே இறங்கும். வானத்தில் ஒன்றும் நடக்கவில்லை, ஆள் வரும் நேரம்தான் மாறியது. அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான தன்னார்வ நிலையங்களில் இந்த மாற்றம் நடந்தது. அதைச் சரிக்கட்டுவது அங்கே பெரிய ஆராய்ச்சியாகவே வளர்ந்தது. ஏழு பதினேழைப் பெரியவர் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதன் அருமை அப்போது முழுதாகப் புரிந்தது.

இடமும் நேரமும் போலவே, வெப்பமானி இருக்கும் கூண்டு மாறினாலும் எண் மாறும். சென்னையைப் பாருங்கள். இந்தியாவின் மிகப் பழைய வெப்பப் பதிவுகளில் சில அங்கே தொடங்கின. 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டப்பட்டது, 1796 முதல் வானிலைக் குறிப்புகள். அந்தக் காலத்துக் கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது, தமிழ் எழுத்தும் அதில் உண்டு. 1881இல் சென்னை மாகாண அரசின் வானிலைச் செய்தியாளராக எலிசபெத் ஐசிஸ் போக்சன் நியமிக்கப்பட்டார். வானாய்வகத் தலைவர் நார்மன் போக்சனின் மகள். மின் கணிப்பான் இல்லாத காலத்தில் கணக்கிடுவதையே வேலையாகக் கொண்டிருந்த பெண். அவர் காலத்திலும் அதற்குப் பின்னும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க காலம் வரை, இந்திய நிலையங்கள் பலவற்றில் ஸ்டீவன்சன் பெட்டி கிடையாது. கூரை வேய்ந்த கொட்டகைக்குள் கூண்டில் வெப்பமானி தொங்கும். கொட்டகை தந்த எண்ணும் பெட்டி தரும் எண்ணும் ஒன்றாகா. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வித்தியாசம் கண்ட பின்தான் பழைய எண்ணைப் புதியதோடு கோக்கலாம்.

இன்று சென்னைக்கு நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்று இரண்டு நிலையங்கள். கோடையில் கடற்காற்று நுங்கம்பாக்கத்தை முதலில் தொடுகிறது, மீனம்பாக்கம் காத்திருக்க வேண்டும். அதனால் ஒரே நகரத்துக்கு ஒரே நாளில் இரண்டு உச்சங்கள். ஒன்றின் பாதியை மற்றதன் பாதியோடு ஒட்ட முடியாது.

ஒட்டுவது எப்படி? பெரியவரின் பதிவேட்டை வைத்தே சொல்கிறேன். இடம் மாறாத பக்கத்து நிலையம் ஒன்றை எடுத்துக்கொண்டு, மாதாமாதம் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும். வெயில் வருஷமானால் இரண்டும் சேர்ந்து ஏறும், குளிர் வருஷமானால் சேர்ந்து இறங்கும். வித்தியாசம் மட்டும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். நின்றுகொண்டிருந்த வித்தியாசம் ஒரு மாதத்தில் படிபோலச் சட்டென்று இறங்கி, பிறகு அங்கேயே நிலைத்துவிட்டால், அந்த மாதத்தில் வானம் மாறவில்லை, பெட்டிக்கு ஏதோ ஆகியிருக்கிறது. உடனே ஓரக் குறிப்பைத் தேட வேண்டும். குறிப்பு கிடைத்தால், இன்றைய நிலையை அப்படியே வைத்து, பழைய எண்களை அந்தப் படியளவுக்கு இறக்கிக் கொள்வார்கள். கருவியையோ இடத்தையோ மாற்றும்போது பழையதையும் புதியதையும் ஓராண்டுக்குக் குறையாமல், முடிந்தால் இரண்டாண்டு, சேர்த்தே நடத்த வேண்டும் என்று உலக வானிலை அமைப்பு வலியுறுத்துவது இந்த வேலையை எளிதாக்கத்தான்.

ஏற்காட்டுக்குப் பக்கத்து நிலையம் எது? இதுதான் மலையின் கஷ்டம். கொடைக்கானலும் ஊட்டியும் 2,000 மீட்டருக்கும் மேலே, வேறு மலைத்தொடர்கள். கீழே சேலம் இருக்கிறது. ஆனால் அன்று மாலை லேடீஸ் சீட்டில் நின்று சேலத்தைப் பார்த்தபோது, கண்ணுக்கெட்டியவரை கட்டடங்கள், சாலைகள், விளக்குகள். நகரம் பகல் சூட்டை இரவில் வைத்துக்கொண்டிருக்கும். நகரம் வளர வளர அதன் வெப்பமானியும் வேறு கதை சொல்லும். மார்கழி, தை இரவுகளில் இன்னொரு விநோதமும் உண்டு. தெளிந்த வானத்தின் கீழ்க் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் வழிந்து பள்ளங்களில் தேங்கிவிடும். மேட்டிலிருக்கும் தோட்டத்தைவிட ஏரிப் பள்ளம் குளிர்ந்திருக்கும். ஏறினால் குளிரும் என்ற கணக்கே தலைகீழாகும். ஆகவே நூறு மீட்டருக்கு 0.65 என்று வாய்ப்பாடாகக் கழித்துவிட முடியாது. பெட்டி முன்பு நின்ற இடத்தில் இன்னொரு பெட்டியை மீண்டும் வைத்து, எல்லாப் பருவத்திலும் பார்த்தால்தான் உண்மையான வித்தியாசம் தெரியும்.

எண்ணைத் திருத்துகிறார்கள் என்றாலே சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. புவி சூடாகிறது என்று காட்டப் பழைய எண்களை வேண்டுமென்றே குறைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு உலகம் முழுக்க எழுந்தது. சந்தேகம் தவறில்லை, ஆனால் விடை தெளிவாக இருக்கிறது. நிலத்தோடு கடலையும் சேர்த்து உலகச் சராசரி எடுத்தால், திருத்தங்கள் நூற்றாண்டு வெப்ப ஏற்றத்தைக் கூட்டவில்லை, சற்றுக் குறைக்கவே செய்கின்றன. அந்தக் காலக் கப்பல்களில் வாளியால் மொண்ட கடல்நீர் ஆவியாகிக் குளிர்ந்தபின் அளக்கப்பட்டது. அந்தக் குறையைச் சரிக்கட்டியதே காரணம். கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் முல்லர் என்ற இயற்பியலாளர் சந்தேகத்தோடு தனியாகக் கணக்கெடுத்து, 2012இல் பழைய முடிவு சரிதான் என்று ஒப்புக்கொண்டார். என் பார்வையில் நாணயத்தின் சோதனை ஒன்றே: கறுப்பு மையில் எழுதிய மூல எண் அழியாமல் இருக்க வேண்டும், திருத்திய எண் வேறு தாளில், காரணத்தோடு இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் நாளை வருகிறவர் நம்மைவிடச் சிறப்பாகத் திருத்த முடியும்.

விட்டுப்போன நாட்களுக்கும் ஒழுங்கு உண்டு. ஒரு மாதத்தில் 11 நாளோ அதற்கு மேலோ விடுபட்டால், அல்லது தொடர்ந்து 5 நாள் விடுபட்டால், அந்த மாதத்துக்குச் சராசரி எழுதக் கூடாது என்கிறது உலக வானிலை அமைப்பின் நெறி. ரைட்டருக்குக் காய்ச்சல் வந்தது மூன்று நாள் என்பதால் அந்த மாதம் பிழைத்தது. விட்ட நாட்களுக்கு ஏதோ ஒரு எண்ணை இட்டு நிரப்பாமல், பார்க்கலை என்று எழுதிய அந்தக் கையை நான் மதிக்கிறேன்.

ஊர் திரும்புவதற்கு முன் ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்குப் போனேன். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் முன்னோடி ராபர்ட் புரூஸ் ஃபூட் ஏற்காட்டில் வாழ்ந்தவர். 1912இல் கல்கத்தாவில் இறந்த அவருடைய அஸ்தி இங்கே புதைக்கப்பட்டது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஃபூட் கண்டெடுத்த கற்கருவி, எங்கே, எந்த மண்ணடுக்கில் என்று அவர் எழுதிவைத்ததால்தான் வரலாறானது. இடம் எழுதாத கல் வெறும் கல்லாகவே போயிருக்கும். இந்தச் சின்ன மலையூரில் எழுதிவைக்கிறவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள்.

இன்று தானியங்கி நிலையங்கள் வந்துவிட்டன. மணிக்கு மணி எண்கள் தாமாகப் போய்ச் சேர்கின்றன. நல்லதுதான். ஆனால் பக்கத்தில் தகரக் கொட்டகை எழுந்ததையோ, மரம் நிழல் பரப்பியதையோ கருவி தானாக எழுதாது. அதற்கு ஒரு மனிதர் வேண்டும். அதைவிட அவசரமானது பழைய பதிவேடுகள். ஏற்காட்டிலும் வால்பாறையிலும் நீலகிரியிலும் தோட்ட அலமாரிகளில், பள்ளிகளில், பழைய பண்ணை அலுவலகங்களில் இன்னும் எத்தனையோ கரையானுக்குக் காத்திருக்கின்றன. உங்கள் கையில் அப்படி ஒன்று இருந்தால் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும், ஓரக் குறிப்பு வெட்டுப்படாமல், படமெடுத்து வையுங்கள். அருகிலிருக்கும் வேளாண் கல்லூரிக்கோ வானிலை மையத்துக்கோ ஒரு படி கொடுங்கள். பெட்டி எங்கே நின்றது என்று தெரிந்த பெரியவர் உயிரோடு இருந்தால், அவரை அழைத்துக்கொண்டு போய் அந்த இடத்தைக் காட்டச் சொல்லி, இன்றே எழுதி வையுங்கள்.